மார்பகத்தை அகற்றிய பின்னும் கதிர்ச் சிகிச்சை ஏன்?

சிங்கப்பூர்ப் பெண்களை மிகுதியாகத் தாக்கும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோயே. நம் குவீன்ஸ்டவுன் பேட்டையின் அடுக்குமாடிகளிலும் இந்நோயை எதிர்கொண்ட தாய்மார்கள் இருப்பார்கள். அறுவைக்கு இணங்கி, மார்பகம் ஒன்றை முழுமையாக இழந்து வீடு திரும்பிய அம்மையாரிடம், சில வாரங்கள் கழித்து மருத்துவர், "இனிக் கதிர்ச் சிகிச்சையும் வேண்டும்" என்கிறார். "நோயுள்ள உறுப்பையே எடுத்தாயிற்றே, இன்னும் எதன்மேல் கதிரைப் பாய்ச்சப் போகிறார்கள்?" என்று வீட்டார் திகைக்கின்றனர். இது நியாயமான வினா. இதற்கு விடை தெரியாமல் சிகிச்சையைத் தட்டிக் கழிப்பவர்களும் உண்டு. ஆதலின் இதனைச் சற்று விரிவாகவே ஆராய்வோம்.

கோரை மண்டிய நிலத்தில் புல்லைப் பிடுங்கிவிடலாம். மண்ணுக்குள் தங்கிய சிறு கிழங்கு மறுபடியும் முளைக்கும். மார்பகத்தை அகற்றிய பின்னரும் தோலுக்கு அடியிலும், நெஞ்சுச் சுவரின் தசை மீதும், அக்குளிலும், காறை எலும்பை ஒட்டிய நிணநீர்க் கணுக்களிலும் நோயணுக்கள் சில தங்கியிருக்கக் கூடும். அவை கைக்கும் தட்டுப்படா, படக்கருவிக்கும் புலப்படா. கதிர், அணுவின் உள்ளே உள்ள மரபுப் பொருளைச் சிதைக்கின்றது. நலமான அணு அந்தச் சேதத்தைப் பெரும்பாலும் செப்பனிட்டுக்கொள்ளும். புற்றணுவுக்கு அந்தத் திறன் குறைவு. முழு அளவையும் ஒரே நாளில் செலுத்தாமல், நாள்தோறும் சிறிது சிறிதாகச் செலுத்துவதன் காரணம் இதுவே.

மார்பகம் அகற்றப்பட்ட எல்லாப் பெண்களுக்கும் இது தேவைப்படுவதில்லை. கட்டி 5 சென்டிமீட்டருக்கு மேற்பட்டிருந்தாலும், அக்குள் கணுக்களில் நான்கிலோ அதற்கு மேலோ நோய் பரவியிருந்தாலும், தோலையோ நெஞ்சுச் சுவரையோ நோய் பற்றியிருந்தாலும் மருத்துவர்கள் பொதுவாகக் கதிரைப் பரிந்துரைக்கின்றனர். டென்மார்க்கில் 1982 முதல் 1989 வரை, மாதவிடாய் நிற்காத 1,708 பெண்களைச் சேர்த்து ஒரு பெரும் ஆய்வு நடந்தது. எல்லாருக்கும் மார்பகம் அகற்றப்பட்டு மருந்தும் கொடுக்கப்பட்டது. ஒரு பாதியினர் கதிரும் பெற்றனர். 1997இல் வெளிவந்த முடிவின்படி, அதே இடத்தில் நோய் திரும்பியோர் கதிர் பெறாதவர்களில் நூற்றுக்கு 32 பேர். பெற்றவர்களில் 9 பேரே. பத்தாண்டுகளில் உயிரோடிருந்தோர் முறையே 45, 54 பேர். நூற்றுக்கு ஒன்பது உயிர்கள் என்பது சிறிய வேறுபாடன்று.

கணுக்களில் ஒன்று முதல் மூன்று வரை மட்டும் நோய் இருந்தால் என்ன செய்வது என்பதில்தான் நெடுங்காலமாக வாதம் நிகழ்கின்றது. 22 ஆய்வுகளையும் 8,135 பெண்களையும் ஒன்றுசேர்த்து 2014இல் வெளியான கணக்கு, இவர்களுக்கும் பயன் உண்டு என்றது. கணுக்களில் நோயே இல்லாதவர்களுக்குப் பயன் காணப்படவில்லை. ஆனால் அந்த ஆய்வுகள் பழையவை. இக்கால மருந்துகளோடு நடத்தப்பெற்று 2025இல் வெளிவந்த ஒரு பன்னாட்டு ஆய்வில், இடைநிலை ஆபத்துள்ள பெண்களில் நெஞ்சுச் சுவருக்குக் கதிர் பெற்றோரும் பெறாதோரும் பத்தாண்டு முடிவில் நூற்றுக்கு ஏறத்தாழ 81 பேர் என்ற ஒரே அளவில் வாழ்ந்திருந்தனர். ஆகவே பக்கத்து வீட்டு அம்மாவுக்குக் கொடுத்தார்கள் என்பதோ கொடுக்கவில்லை என்பதோ நமக்கு அளவுகோலாகாது. "என் அறிக்கையில் எத்தனை கணுக்கள்? கட்டியின் அளவு என்ன?" என்று மருத்துவரிடமே கேட்டறிவது உரிமை, அதில் கூச்சம் வேண்டுவதில்லை.

கதிர்ச் சிகிச்சைக்கு நம் பேட்டையினர் தொலைவு செல்ல வேண்டியதில்லை. கெண்ட் ரிஜ்ஜில் உள்ள தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனைக்குப் புவன விஸ்தாவில் ரயில் மாறிச் செல்லலாம். ஊட்ரம் பார்க் அருகே உள்ள தேசியப் புற்றுநோய் நிலையத்துக்குக் குவீன்ஸ்டவுனிலிருந்து மூன்றே நிறுத்தங்கள். முதல் நாள் சிகிச்சை கிடையாது; படமெடுத்து, கதிர் பாய வேண்டிய எல்லையைத் தோலில் சிறு புள்ளிகளால் குறிப்பார்கள். அதன் பின் வாரத்தில் ஐந்து நாள். முன்பு 25 தவணைகளில் 50 கிரே என்பதே வழக்கம். இன்று பலருக்கு மூன்று வாரங்களில் 15 தவணைகள் போதும். மார்பகம் அகற்றப்பட்ட 820 பெண்களைக் கொண்டு சீனாவில் நடந்து 2019இல் வெளியான ஆய்வும் குறுகிய முறை தாழ்ந்ததன்று என்றே காட்டிற்று. கதிர் பாயும் நேரம் சில நிமிடங்கள், வலி இராது. இடப்பக்கமாயின் மூச்சை ஆழ இழுத்து நிறுத்தச் சொல்வதுண்டு. நுரையீரல் விரிய, இதயம் கதிரின் பாதையிலிருந்து விலகி நிற்கும். பழைய முறைகளில் இதயத்துக்கு நேர்ந்த தீங்கைக் கண்டே இந்த ஏற்பாடு வந்தது.

படுக்கையில் கையைத் தலைக்கு மேல் உயர்த்தி வைத்திருக்க வேண்டும். அறுவைக்குப் பின் தோள் இறுகிக் கிடந்தால் இது இயலாது. எனவே கற்றுக்கொடுத்த தோட்பயிற்சியை வீட்டில் விடாது செய்தல் நன்று.

இந்தச் சிகிச்சை பெறும் தாயின் உடலில் கதிர் தங்குவதில்லை. குழந்தையை அணைக்கலாம், சமைக்கலாம், ஒரே தட்டில் உண்ணலாம். தலைமயிரும் இதனால் உதிராது. அது மருந்தின் விளைவு. தோல் சிவந்து கறுத்து எரியலாம், களைப்பு மிகும். எரிச்சலைத் தணிக்க நம் வீடுகளில் உடனே மஞ்சளையும் சந்தனத்தையும் தேடுவோம். அந்த இடத்தில் இவற்றையோ முகமாவையோ பூச வேண்டா. மிதமான சோப்பும் வெதுவெதுப்பான நீரும் போதும். களிம்பை மருத்துவமனையில் கேட்டே இடுக. பின்னாளில் கை வீங்கினால் உடனே தெரிவிக்க வேண்டும்.

தீபாவளி, ஊர்ப்பயணம் என்று தவணைகளை இடையில் விடுவது கூடாது. இடைவெளியில் எஞ்சிய அணுக்கள் பெருகும். தவிர்க்க இயலாத வேலை இருப்பின் தொடங்குமுன்பே சொல்லித் தேதியை அமைத்துக்கொள்ளலாம். செலவுக்கு மெடிசேவ் பணத்தையும் மெடிஷீல்டு லைஃப் காப்புறுதியையும் பயன்படுத்தலாம். அதுவும் போதாதபோது மருத்துவமனையின் மருத்துவ சமூக ஊழியரை அணுகுக. மற்ற மார்பகத்துக்கு ஆண்டுதோறும் ஊடுகதிர்ப் படம் எடுக்க வேண்டும். நோயில்லாத பெண்களும் 50 வயது முதல் இரண்டாண்டுக்கு ஒருமுறை இச்சோதனை செய்துகொள்ள, பலதுறை மருந்தகத்தில் விசாரிக்கலாம்.