கயிறேறும் போட்டி

கயிறேறுதல் பழைமையான உடற்பயிற்சிகளுள் ஒன்று. 1896ஆம் ஆண்டு ஏதென்ஸ் நகரில் நடைபெற்ற முதல் நவீன ஒலிம்பிக் போட்டியில் இது இடம்பெற்றது. அன்று போட்டியிட்ட ஐவரில் இருவர் மட்டுமே கயிற்றின் உச்சியை அடைந்தனர். 1932ஆம் ஆண்டுக்குப் பிறகு இப்போட்டி ஒலிம்பிக்கில் நடத்தப்படவில்லை.

கயிறேறப் பல முறைகள் உள்ளன. புதிதாகப் பழகுபவர்கள் கால்களின் துணையோடு ஏறுவார்கள். கயிற்றை ஒரு பாதத்தின் அடியில் செலுத்தி, மறுபாதத்தால் அதை மேலிருந்து அழுத்திப் பிடிப்பார்கள். அப்போது கயிறு படிபோல் உடலைத் தாங்கும். கைகளின் சுமை குறையும். கயிற்றை ஒரு காலில் சுற்றிக்கொண்டு ஏறுவது மற்றொரு முறை. இதில் பிடிமானம் அதிகம்; வேகம் குறைவு.

நன்கு பயின்றவர்கள் கைகளால் மட்டுமே ஏறுவார்கள். சிலர் கால்களை முன்னே நீட்டி, உடலை ‘ட’ வடிவில் வைத்தபடி ஏறுவார்கள். இதற்கு வயிற்றுத் தசைகளும் வலுவாக இருக்க வேண்டும்.

கைவலிமையின் சிறப்பை ஜார்ஜ் ஐசர் உலகுக்குக் காட்டினார். அவருடைய இடக்கால் மரத்தால் ஆனது. ஆயினும், 1904ஆம் ஆண்டு அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் நடந்த ஒலிம்பிக்கில் கயிறேறும் போட்டியில் அவரே தங்கம் வென்றார். அந்த ஒலிம்பிக்கில் அவர் பெற்ற பதக்கங்கள் மொத்தம் ஆறு.

ஏறுவதைப் போலவே இறங்குவதற்கும் பயிற்சி தேவை. வழுக்கிக்கொண்டு இறங்கினால் உள்ளங்கைத் தோல் உரிந்துவிடும். எனவே, கைமாற்றிக் கைமாற்றி மெதுவாக இறங்க வேண்டும். அதற்கான வலிமையை மிச்சம் வைத்துக்கொண்டே மேலே ஏற வேண்டும்.