வயலின் காவலாளர்: பயிர்ப்பீடைகளின் இயற்கை எதிரிகள்



பயிருக்கு ஊறு செய்யும் பூச்சிகளை நாமெல்லோரும் அறிவோம். அப்பூச்சிகளையே உணவாகக் கொண்டு வாழும் பூச்சிகளும் சிலந்திகளும் நம் வயல்களில் நிறைந்திருக்கின்றன என்பதைச் சிலரே அறிவர். இவற்றைப் பீடைகளின் இயற்கை எதிரிகள் என்கிறோம். இவற்றை அறியாமையால் விளையும் நட்டம் சிறிதன்று.

சில போகங்களுக்கு முன் நான் நேரிற் கண்டதொன்றை இங்கு கூறுதல் பொருந்தும். ஒரு வரம்பினாற் பிரிக்கப்பட்ட இரு வயல்கள். அவற்றைச் செய்தோர் அண்ணனும் தம்பியுமாவர். இருவரும் ஒரே இன நெல்லை ஒரே நாளில் விதைத்தனர். 25 ஆம் நாளளவில் மடிச்சுக்கட்டிப் புழு சுரண்டிய வெண்ணிறக் கோடுகள் இலைகளிலே தோன்றின. அண்ணன் உடனே பூச்சிநாசினி தெளித்தார். பத்து நாட்களின் பின் மறுமுறையும் தெளித்தார். தம்பியிடம் அவ்வேளை மருந்து வாங்கப் பணமிருக்கவில்லை. கதிர் பால்பிடிக்கும் பருவத்தில் அண்ணனின் வயல் வட்டம் வட்டமாகத் தீப்பட்டதுபோற் கருகிற்று. அது கபிலநிறத் தத்தியின் வேலை. தம்பியின் வயலிலும் தத்திகள் இருந்தன. ஆயினும் பயிர் கருகவில்லை.

“ஐயா, மருந்தடித்தவனுக்கு நட்டம், அடியாதவனுக்கு விளைச்சலா? இது என்ன நியாயம்?” என்று அண்ணன் என்னிடம் வினவினார். அவ்வினாவுக்குரிய விடையே இத்துண்டுப்பிரசுரத்தின் பொருளாகும்.

தத்தி பெருகும் விதம்

கபிலநிறத் தத்தி பயிரின் அடியில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே தங்கிச் சாற்றை உறிஞ்சுவது. பெண்தத்தி நூற்றுக்கணக்கான முட்டைகளை இலைமடலின் உள்ளே புதைத்து இடும். மேலிருந்து தெளிக்கப்படும் மருந்து அடர்ந்த பயிரினூடாக அடிவரை நன்கு செல்வதில்லை. மடலினுட் புதைந்த முட்டைகளையோ அது பெரும்பாலும் தீண்டுவதேயில்லை. ஆனால், பயிரின் மீதும் நீரின் மீதும் ஓடித்திரியும் சிலந்திகள் அம்மருந்தில் நனைந்து மடிகின்றன. சில நாட்களில் முட்டைகள் பொரிக்கும்போது, குஞ்சுகளைத் தின்பதற்கு வயலில் எவருமில்லை. காவலாளர் இல்லாத வீட்டிற் கள்வர் புகுந்ததற்கு இது ஒப்பாகும். தம்பியின் வயலிலோ காவலாளர் உயிருடன் இருந்தனர்.

மேலும், அண்ணன் அஞ்சிய மடிச்சுக்கட்டிப் புழு இளம்பருவத்திற் செய்யும் சேதத்தை நெற்பயிர் தானே ஈடுசெய்துகொள்ளும். மட்டம் வெடிக்கும் பயிர் புதிய இலைகளை விரைவிற் தருகின்றது. ஆகவே அம்மருந்துக்குச் செலவிட்ட பணம் இருவகையிலும் வீணாயிற்று.

தேயிலைத் தோட்டம் புகட்டிய பாடம்

இது நெல்வயலுக்கு மாத்திரம் உரிய செய்தியன்று. நம் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களும் இதே பாடத்தைக் கற்றன. ஒருகாலத்தில் இலைசுருட்டிப் புழு தேயிலைக்குப் பெருந்தீங்காக இருந்தது. 1935-36 ஆம் ஆண்டுகளில் யாவாத் தீவிலிருந்து மக்குறோசென்ரசு எனும் சிறு குளவி கொண்டுவரப்பட்டுத் தோட்டங்களில் விடப்பட்டது. இக்குளவி புழுவின் உடலினுள் முட்டையிடும். முட்டையினின்று வெளிவரும் குஞ்சுகள் புழுவை உள்ளிருந்தே தின்று அழிக்கும். குளவி பரவப் பரவ இலைசுருட்டியின் தொல்லை தணிந்தது.

பின்னர், 1950களிலும் 1960களிலும், தேயிலைத் தண்டைத் துளைக்கும் வண்டினை ஒழிக்கும்பொருட்டு, இன்று பாவனையில் இல்லாத டீல்திரின் எனும் கடும் நஞ்சு தெளிக்கப்பட்டது. அது குளவிகளையும் கொன்றது. அடங்கியிருந்த இலைசுருட்டிப் புழு மீண்டும் தலையெடுத்தது. ஒரு பீடையை நோக்கி வீசிய ஆயுதம் மற்றொரு பீடையைக் கட்டியிருந்த கயிற்றை அறுத்துவிட்டது.

அந்நிய நாட்டிலிருந்து புதிதாக வந்துசேரும் பீடைக்கு இங்கே தக்க எதிரி இல்லாதிருக்கலாம். 2008 ஆம் ஆண்டிற் பப்பாசி வெண்மூட்டுப்பூச்சி இந்நாட்டிற் காணப்பட்டபோது, அதன் எதிரியான சிறு குளவி 2009 இல் வெளிநாட்டிலிருந்து தருவிக்கப்பட்டது. எதிரிகளைத் தருவிப்பது ஆராய்ச்சியாளரின் கடமை. வயலில் ஏற்கெனவே உள்ளவற்றைக் காப்பது நம் கடமையாகும்.

நண்பர்களை அடையாளங் காணுதல்

ஓநாய்ச் சிலந்தி: வலை பின்னாது ஓடி வேட்டையாடும். முதுகில் கவர்விட்ட வெளிறிய கோடு உண்டு. வளர்ந்த சிலந்தியொன்று நாளொன்றுக்கு 5 முதல் 15 வரையான பூச்சிகளைத் தின்னக்கூடியது.

பச்சைநிறச் சிறு மூட்டுப்பூச்சி: தத்தியின் அளவேயானது, தலையும் தோளும் கருமை கலந்தவை. மடலினுட் புதைந்த தத்தி முட்டைகளைத் தேடிக் குத்தி உறிஞ்சும். நாளொன்றுக்கு 7 முதல் 10 வரையான முட்டைகளை அழிக்கும். கதிரிற் பாலுறிஞ்சும் நீண்ட நெல் மூட்டுப்பூச்சி இதனின்றும் வேறானது.

ஊசித்தும்பி: பயிரினிடையே தாழப் பறந்து சிறு பூச்சிகளைப் பிடிக்கும்.

பொறிவண்டு: பயற்றை, மிளகாய் முதலியவற்றிற் பற்றும் அழுக்கணவனை வண்டும் அதன் புழுவும் தின்னும். அழுக்கணவன் கூட்டத்திடையே ஊதிப்பருத்து, மண்ணிறமாய், அசையாது கிடப்பவை குளவியால் தாக்கப்பட்டவை. அவற்றை அழித்தலாகாது.

இங்கு ஓர் எச்சரிக்கை. கத்தரி, பாகல் ஆகியவற்றின் இலையைச் சுரண்டி வலைபோலாக்கும் புள்ளிவண்டு ஒன்றும் உண்டு. நன்மைசெய்யும் பொறிவண்டின் முதுகு மினுமினுப்பாயிருக்கும். தீமைசெய்யும் வண்டின் முதுகு மெல்லிய உரோமம் படர்ந்து மங்கலாயிருக்கும்; புள்ளிகளும் பல. அதன் மஞ்சட்புழுவின் உடலெங்கும் முள் இருக்கும். இப்புழுக்களையும் இலையின் அடியிலுள்ள மஞ்சள் முட்டைகளையும் கையாற் பொறுக்கி அழிக்குக.

செய்யவேண்டியவை

1. விதைத்து முதல் 40 நாட்களுக்குள், இலையிற் காணும் சிறு சேதத்துக்கு அஞ்சிப் பூச்சிநாசினி தெளியாதிருங்கள்.

2. வாரமொருமுறை வயலில் இறங்கி, பத்து இடங்களிற் பயிரை விலக்கி அடியை நோக்குங்கள். தத்திகளையும் சிலந்திகளையும் வெவ்வேறாக எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள்.

3. வைக்கோலை எரியாது வயலிற் பரப்புங்கள். அது உக்கும்போது பெருகும் சிறு ஈக்களும் கொசுக்களும், தத்தி வருமுன்பே சிலந்திகளுக்கு உணவாகின்றன.

4. அறுவடையின் பின் வரம்புகளிற் சிறு வைக்கோற் குவியல்களை விட்டுவையுங்கள். சிலந்திகள் அவற்றில் ஒதுங்கும். வரம்பிற் பூக்கும் எள்ளுச் செடிகளின் தேன், முட்டைகளைத் தாக்கும் சிறு குளவிகளுக்கு உணவாகும்.

5. மிகையான யூரியாவும் மிக நெருங்கிய விதைப்பும் தத்திக்கு விருந்தாகும். இரண்டையும் தவிர்த்திடுங்கள். தத்தி கூடக் கண்டால், இயலுமாயின் நீரைச் சில நாட்களுக்கு வடித்துவிடுங்கள்.

6. தத்தியின் தொகை வாரந்தோறும் ஏற, சிலந்தியின் தொகை ஏறாதிருக்குமாயின் தாமதியாது உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியருக்கு அறிவியுங்கள். இயற்கை எதிரிகள் எப்போதும் தனித்து வெல்லும் என்பது நம் கூற்றன்று. மருந்து தேவைப்படும் வேளையும் உண்டு. அப்போதும் தக்க மருந்தைத் தக்க இடத்தில் மாத்திரம், பயிரின் அடியிற் படும்படி தெளித்தல் வேண்டும்.

மேற்சொன்ன அண்ணன், மறுபோகத்தில் மருந்துக்கடைக்குச் செல்லுமுன் என்னை அழைத்து வயலில் இறங்கினார். பயிரை விலக்கியதும் சிலந்தியொன்று தத்தியைக் கௌவிக்கொண்டு ஓடிற்று. “இதற்கு நான் கூலியும் கொடுக்கவில்லையே!” என்றார் அவர். கூலி கேளாத இக்காவலாளரை, நம் கையாலேயே கொன்றுவிடாது காப்போமாக.