தவணை நீட்டும் முன் ஜாமீன்தாரரைக் கேளுங்கள்

நம் தொழிலில் முதலில் பேசியபடியே முடியும் வியாபாரம் குறைவு. 100 மூட்டை என்று பேசியது 80 ஆகும்; 30 நாள் தவணை 60 நாள் ஆகும். அப்போது பழைய ஒப்பந்தம் என்ன ஆகிறது?

1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 62-வது பிரிவில் விடை சொல்கிறது. இரு தரப்பாரும் சம்மதித்துப் பழையதற்குப் பதில் புதிய ஒப்பந்தம் செய்தாலும், ஷரத்தை மாற்றினாலும், ரத்து செய்தாலும், பழையபடி நடக்க வேண்டியதில்லை. சம்மதம்தான் முக்கியம். ஒருவர் மட்டும் மாற்ற முடியாது.

உதாரணமாக, சில்லறைக் கடைக்காரர் எனக்கு 10,000 ரூபாய் தர வேண்டும். நான் மில்காரருக்கு அதே தொகை தர வேண்டும். 'கடைக்காரரிடம் வாங்கிக்கொள்ளுங்கள்' என்று சொல்லிப் பேரேட்டில் எழுதிவிட்டால் போதாது. மில்காரர் ஒத்துக்கொள்ளாத வரை கடன் என் தலையில்தான். மூவரும் ஒத்துக்கொண்டால் என் பொறுப்பு தீர்ந்தது.

63-வது பிரிவையும் கவனியுங்கள். 5,000 ரூபாய் பாக்கிக்கு 2,000 ரூபாயை 'முழுக் கணக்கும் தீர்ந்தது' என்று வாங்கிக்கொண்டால் மீதியைக் கேட்க முடியாது. அப்படி எண்ணம் இல்லையென்றால் ரசீதில் 'பாக்கியில் ஒரு பகுதி' என்று எழுதுங்கள்.

இனி என் அனுபவம். பல வருஷங்களுக்கு முன் ஒருவருக்குக் கடனுக்குச் சரக்கு கொடுத்தேன். அவர் மாமனார் ஜாமீன் நின்றார். தவணை முடிந்தபோது, "தீபாவளி வரை பொறுங்கள்" என்றார் மருமகன். சரி என்று எழுதிக் கொடுத்தேன், மாமனாரைக் கேட்கவில்லை. தீபாவளி போயிற்று, கடையும் மூடப்பட்டது. மாமனாரோ, "என்னைக் கேட்காமல் தவணை கொடுத்தீர்கள், இனி நான் பொறுப்பல்ல" என்றார். வக்கீலிடம் போனேன். 135-வது பிரிவு அவர் பக்கம் இருந்தது. மருமகனிடம் வசூலிக்கும் உரிமை எனக்கு இருந்தது. அவரிடம்தான் ஒன்றும் இல்லை.

வழக்குப் போடாமல் சும்மா பொறுத்திருந்தால் மட்டும் ஜாமீன் போய்விடாது என்கிறது 137-வது பிரிவு. தவணை தருவதாக ஒப்புக்கொள்வதுதான் ஆபத்து. ஜாமீன்தாரர் சம்மதமின்றி மற்ற ஷரத்துகளை மாற்றினாலும், அதன்பின் நடக்கும் கொள்முதலுக்கு அவர் பொறுப்பல்ல. இது 133-வது பிரிவு.

ஆகவே எந்த மாற்றத்தையும் தேதியிட்டு எழுதுங்கள். பழைய ஒப்பந்தம் தொடர்கிறதா, தீர்ந்ததா என்று குறிப்பிடுங்கள். ஜாமீன்தாரர் கையெழுத்தையும் வாங்குங்கள். அதைக் கேட்கக் கூச்சப்பட்டுத்தான் நான் பணத்தை இழந்தேன்.