மனநோய் மருந்து சாப்பிடுபவருக்கு ஆப்பரேஷன் என்றால்...



சிலருக்கு மனம் ஒரு சமயம் அளவுக்கு மேல் துள்ளும். இன்னொரு சமயம் அடியோடு சோர்ந்துவிடும். இதற்கு இருதுருவ மனநோய் என்று பெயர். இது பேயும் அல்ல, செய்வினையும் அல்ல. சர்க்கரை வியாதி மாதிரி மருந்துக்குக் கட்டுப்படும் வியாதிதான். ஆனால் இவர்களுக்கு ஆப்பரேஷன் என்றால் வீட்டாருக்குக் கூடுதல் கவனம் வேண்டும்.

நான் பார்த்த ஒரு கேஸைச் சொல்கிறேன். செம்பனைக் குலை வெட்டும் ஒருவர் குடலிறக்க ஆப்பரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தார். பத்து நாள் கழித்து அவர் மனைவி ஓடி வந்தார். "டிரசரையா, அவருக்குக் கை கிடுகிடுன்னு நடுங்குது. வாந்தி நிக்கல. குடிச்சவர் மாதிரி தள்ளாடுறாரு" என்றார். என்ன மருந்து சாப்பிடுகிறார் என்று கேட்டேன். தயங்கித் தயங்கி லித்தியம் மாத்திரையை எடுத்துக் காட்டினார். ஆப்பரேஷன் செய்த இடத்தில் அதைச் சொல்லவே இல்லையாம். "சொன்னா தஞ்சோங் ரம்புத்தான் கேஸுன்னு பேசுவாங்களே ஐயா!"

வீட்டில் நடந்தது இதுதான்: புண் ஆறட்டும் என்று உப்பில்லாப் பத்தியம். தண்ணீரும் குறைவு. வலிக்குப் பக்கத்து வீட்டில் கொடுத்த பொன்ஸ்தான். மூன்றும் சேர்ந்து மருந்தையே விஷமாக்கிவிட்டன. உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். பிழைத்தார்.

ஏன் இப்படி ஆனது? லித்தியம் ஒரு வகை உப்பு. இந்த வியாதிக்கு இது பயன்படும் என்று 1949இல் ஆஸ்திரேலிய டாக்டர் ஜான் கேட் எழுதினார். நல்ல மருந்து, ஆனால் அளவு கூடினால் ஆபத்து. ரத்தத்தில் லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை வழக்கமான அளவு. 1.5ஐத் தாண்டினால் நஞ்சு. உடம்பில் உப்பும் தண்ணீரும் குறைந்தால் சிறுநீரகம் உப்பை வெளியே விடாமல் பிடித்து வைக்கும். கூடவே லித்தியத்தையும் பிடித்து வைத்துவிடும். பொன்ஸ்தான், இபுபுரூஃபன், டைக்லோஃபெனாக் போன்ற வலி மருந்துகளாலும் லித்தியம் ரத்தத்தில் ஏறும்.

ஆகவே இவற்றை மனதில் வையுங்கள்:

1. ஆப்பரேஷனுக்கு முன்பே எல்லா மாத்திரைகளையும் கிளினிக் அட்டையையும் டாக்டரிடமும், மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரிடமும் காட்டுங்கள்.

2. மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். எப்போது நிறுத்துவது, எப்போது மறுபடி தொடங்குவது என்பதை டாக்டர் சொல்லட்டும்.

3. டாக்டர் வேறுவிதமாகச் சொன்னாலொழிய, உப்பும் தண்ணீரும் வழக்கம்போல் இருக்கட்டும். உப்பில்லாப் பத்தியம் வேண்டவே வேண்டாம்.

4. வலி இருந்தால் டாக்டரைக் கேளுங்கள். லித்தியத்தோடு பெனடோல் பொதுவாகப் பரவாயில்லை. அடுத்தவர் மாத்திரை கூடாது.

5. தூக்கத்தைக் கவனியுங்கள். இரண்டு மூன்று மணி நேரமே தூங்கி, ஓயாமல் பேசி, கட்டை அவிழ்த்து, "நாளைக்கே வேலைக்குப் போறேன்" என்றால் வியாதி ஏறுகிறது. வாதாடாதீர்கள். கூட்டத்தையும் சத்தத்தையும் குறையுங்கள். அன்றே ஆஸ்பத்திரியில் சொல்லுங்கள்.

6. சாப்பிடாமல் சுவரைப் பார்த்தே படுத்திருந்தால் அதுவும் வியாதிதான், சோம்பேறித்தனம் இல்லை. நடக்காமல் கிடந்தால் காலில் ரத்தம் உறையும். கைபிடித்து மெல்ல நடக்க வையுங்கள். "செத்துடலாம்போல இருக்கு" என்றால் ஒரு நிமிடமும் தனியாக விடாதீர்கள். மாத்திரை, களைக்கொல்லி மருந்து எல்லாம் கைக்கு எட்டாமல் இருக்கட்டும். உடனே ஆஸ்பத்திரிக்கு அழைத்து வாருங்கள்.

7. கை நடுக்கம் பலமாகி, வாந்தி, பேதி, தள்ளாட்டம், நாக்குழறல், எழுப்பினாலும் தெளியாத மயக்கம் கண்டால், அந்தச் சமயத்தில் மட்டும் அடுத்த லித்தியம் மாத்திரையைக் கொடுக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

அந்தச் சகோதரர் இன்று நல்லபடியாக வேலைக்குப் போகிறார். அவர் மனைவி இப்போது எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் முதலில் மாத்திரைப் பையைத்தான் மேசைமேல் வைக்கிறார். ஊர் பேசுவது நாலு நாள். உயிர் போனால் திரும்பி வராது. வெட்கப்படாமல் சொல்லுங்கள்.