கரிசல் புஞ்சையில் வெயிற்சக்தி செல்லும் வழி

நாரணாபுரத்துக் கரிசலில் ஐப்பசி மழைக்குப்பின் சோளமும் பருத்தியும் தழைத்து நிற்பதைக் காண்கிறோம். அப்பயிர்களின் உடல் எதனால் ஆயது என்று வினவினால், மண்ணாலும் எருவாலும் என விடை கூறுவோர் பலர். அது முழு உண்மையன்று. மண்ணினின்று பயிர் கொள்வது நீரும் சில உப்புக்களுமே. உடலின் பெரும்பகுதிக்கு மூலமாகிய கரியமிலவாயு காற்றிலிருந்து கிடைக்கிறது. இவற்றைச் சேர்த்து ஆகாரமாகச் சமைப்பதற்கு வேண்டிய சக்தியைச் சூரிய வெளிச்சம் தருகிறது. இலையிலுள்ள பச்சையம் அதனைப் பற்றிச் சர்க்கரையாகவும் மாவாகவும் சேமிக்கிறது. வயலின்மேல் வருஷமுழுதும் விழும் வெளிச்சத்தில் பயிர் சேமிப்பது பெரும்பாலும் நூற்றிலொரு பங்குக்கும் குறைவே. ஆயினும் ஊரிலுள்ள மனிதரும் கால்நடையும் பிழைப்பது அச்சிறு பங்கினால்தான். சிவகாசி வட்டாரத்தில் வெடிமருந்தோடு கலக்கும் கரித்தூள்கூட, ஏதோவொரு மரம் முன்பு பிடித்துவைத்த வெயிலேயாகும்.

சோளக்கதிரை எலி தின்கிறது. எலியைச் சாரைப்பாம்பு விழுங்குகிறது. பாம்பைக் கழுகு கொண்டுபோகிறது. இவ்வாறு படிதோறும் சக்தி குறைந்துகொண்டே போவதை, அமெரிக்காவில் மின்னசோட்டா மாகாணத்து ஏரியொன்றை ஆராய்ந்த லிண்டிமன் என்பார் கணக்கிட்டார். அவரது கட்டுரை 1942-ஆம் வருஷம் வெளிவந்தது. ஒரு படியினின்று அடுத்த படிக்குச் சேர்வது ஏறக்குறையப் பத்திலொன்று என்பது பின்னர் வழங்கிவரும் கணக்கு. இது சராசரியேயன்றி எங்கும் மாறாத அளவன்று. பயிரில் 1000 பங்கு சக்தி இருந்தால், எலிகளின் உடலில் 100, பாம்புகளில் 10, கழுகில் 1 என்று தோராயமாகக் கொள்ளலாம்.

எஞ்சியது எங்கே போயிற்று? சிறிது உண்ணப்படாமலும் சிறிது எச்சமாகவும் கழிய, உண்டதில் பெரும்பகுதி சுவாசத்தினாலும் உடற்சூட்டினாலும் செலவாகிறது. எலி உஷ்ண இரத்தப் பிராணியாதலால் ஓயாது தின்ன வேண்டும். பாம்போ தன் உடலைச் சூடாக்கச் செலவிடுவதில்லை. ஓரிரை விழுங்கியபின் பல நாள் கிடக்கும்.

பாம்பும் கூகையும் எலியைவிடச் சொற்பமாயிருப்பதன் காரணம் இதனால் விளங்கும். சாரையைக் கண்ட மாத்திரத்தில் அடிப்பது நம்மவர் வழக்கம். இது விஷமற்ற பாம்பென்று எத்தனை முறை கூறினும் கேட்பார் சிலரே. எலி சில மாதங்களில் பன்மடங்காகும்; அதைத் தின்பவை அவ்வேகத்தில் பெருகா. எலிப்பாஷாணம் வைப்போர் செத்த எலிகளை அன்றன்றே பொறுக்கிப் புதைக்க வேண்டும். இன்றேல் அவற்றைத் தின்னும் கூகையும் மடியக்கூடும்.

இனி அறுவடைக்குப் பிற்பட்ட சங்கதி. உப்புக்கள் சாணத்தின் வழியாக மண்ணுக்கு மீண்டு, மறுபடி பயிரில் ஏறும். சக்தியோ உஷ்ணமாகிப் போனபின் திரும்பி வாராது. புதிதாக வெயிலினின்றே பெற வேண்டும். ஆகையால் சோளக்கட்டையைக் கொளுத்துவது இருவகையில் நஷ்டம். மண்ணிலுள்ள கிருமிகளுக்கும் புழுக்களுக்கும் பல மாத ஆகாரமாக வேண்டியது ஒரு நாழிகையில் எரிந்துபோகிறது. தழைச்சத்தும் புகையோடு போய்விடுகிறது. சாம்பலில் மிஞ்சுவது சாம்பற்சத்து, சுண்ணாம்பு போன்றவையே. கட்டையை ஆடு மேயவிட்டு, அந்நிலத்திலேயே கிடை போட்டு, புழுக்கை உலர்ந்து வீணாகுமுன் உழுதுவிடுக.

பருத்திமாருக்கு மட்டும் இவ்விதி பொருந்தாது. அதில் ஒட்டியிருக்கும் காய்களில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு தங்குமாதலால், அதனைப் பிடுங்கி, வரப்போரம் குவித்து வைக்காமல் விரைவில் அடுப்புக்கு உபயோகித்துவிடுவதே நலம்.