லோரியின் கிளட்சை நாமே மாற்றலாமா?

"டீச்சர், எங்கப்பா லோரியில கிளட்ச் வழுக்குது. பட்டறையில கூலி அதிகமா கேக்குறாங்க, நாமளே மாத்திடலாம்னு மாமா சொல்றாரு. மாத்த முடியுமா?"

உராய்வு விசைப் பாடம் முடிந்ததும் நான்காம் படிவ மாணவர் ஒருவர் என்னிடம் கேட்ட கேள்வி இது. முடியும். என் அப்பாவே மாற்றியிருக்கிறார், அதுவும் ஒரே மாதத்தில் இரண்டு முறை. இரண்டாவது முறை ஏன் தேவைப்பட்டது என்பதைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன், லோரிக்கு அடியில் போகிறவர் தெரிந்துகொள்ள வேண்டிய இயற்பியல் கொஞ்சம் இருக்கிறது.

இரு உள்ளங்கைகளுக்கு நடுவே ஒரு புத்தகத்தை வைத்து அழுத்துங்கள். கைகளைத் திருப்பினால் புத்தகமும் சேர்ந்து திரும்பும். அழுத்தத்தைத் தளர்த்தினால் கை திரும்பும், புத்தகம் நின்றுவிடும். கிளட்ச் செய்வது இதைத்தான். ஒரு கை, இன்ஜினோடு சுழலும் ஃபிளைவீல். இன்னொரு கை, அதன்மேல் போல்ட் போட்டு இறுக்கிய பிரஷர் பிளேட். நடுவில் இருக்கும் புத்தகம்தான் கிளட்ச் பிளேட். அது கியர்பாக்சின் முன் தண்டில் கோத்திருக்கும். அழுத்தம் தருவது வலுவான ஸ்பிரிங். ஓட்டுநர் மிதியை மிதித்தால் ஸ்பிரிங்கின் பிடி விலகும், பிளேட் விடுபடும்.

இந்தப் பிடி எவ்வளவு முறுக்குவிசையைத் தாங்கும் என்பதைப் பெருக்கல் ஒன்றிலேயே கண்டுபிடிக்கலாம். உராயும் முகங்களின் எண்ணிக்கை, உராய்வுக் குணகம், அழுத்தும் விசை, சராசரி ஆரம் ஆகிய நான்கையும் பெருக்க வேண்டும். ஓர் ஆறு சக்கர லோரிக்குப் பொருந்தும் எண்களை எடுத்துக்கொள்வோம். முகங்கள் 2, குணகம் 0.3, விசை 12,000 நியூட்டன், ஆரம் 0.14 மீட்டர். விடை 1,008 நியூட்டன் மீட்டர். இன்ஜின் தருவது 700 என்றால் கவலையில்லை, பிடி நிற்கும்.

இப்போது இன்ஜினின் பின்பக்க ஆயில் சீல் கசிந்து பிளேட்டில் எண்ணெய் படிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். குணகம் 0.1 ஆகக் குறைந்தால் பிடி வெறும் 336. காலி வண்டி எப்படியோ ஓடும். பாரத்தோடு மேடு ஏறும்போது இன்ஜின் அலறும், வண்டி நகராது. அதைத்தான் 'வழுக்குகிறது' என்கிறார்கள். இந்த நிலையில் பிளேட்டை மட்டும் மாற்றிவிட்டு சீலை விட்டுவிடுவது, கூரை ஒழுக ஒழுகத் தரையைத் துடைப்பது போன்றது.

பெருக்கலில் பிளேட்டின் பரப்பளவு வரவே இல்லை என்பதைக் கவனித்தீர்களா? உராய்வு விசை பரப்பைப் பொறுத்ததல்ல என்று பாடத்தில் படித்தோமே, அது இங்கேயும் உண்மை. அப்படியானால் லோரியின் பிளேட் ஏன் அவ்வளவு பெரிதாக இருக்கிறது? ஆரம் கூடுகிறது என்பது ஒரு காரணம். தேய்மானத்தையும் வெப்பத்தையும் தாங்க வேண்டும் என்பது இன்னொரு காரணம்.

வெப்பத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பெரும்பாலான கிளட்சுகளைச் சாகடிப்பது அதுதான். நிற்கும் லோரி புறப்படும்போது ஃபிளைவீல் வேகமாகச் சுழல்கிறது, பிளேட் நிற்கிறது. இரண்டும் ஒரே வேகத்துக்கு வரும்வரை உராய்ந்தே ஆக வேண்டும். சமதளத்தில், இன்ஜின் வேகத்தை மாறாமல் வைத்துப் புறப்பட்டால், வண்டி பெறும் இயக்க ஆற்றலுக்கு ஏறக்குறையச் சமமான ஆற்றல் கிளட்சில் வெப்பமாகிறது. 16,000 கிலோகிராம் பாரமுள்ள லோரி, முதல் கியரில் வினாடிக்கு 1.5 மீட்டர் வேகத்தை எட்டும்போது கிளட்ச் முழுதாகப் பிடிக்கிறது என்போம். வெப்பம் 18,000 ஜூல். ஒரு கிலோ இரும்பின் வெப்பநிலையை ஏறக்குறைய 40 பாகை செல்சியஸ் உயர்த்த இது போதும்.

அதே பாரத்தோடு மேல் கியரில் புறப்பட்டால் என்ன ஆகும்? வினாடிக்கு 3 மீட்டர் வேகத்தை எட்டினால்தான் கிளட்ச் முழுதாகப் பிடிக்கும் என்றால், வேகம் இரண்டு மடங்கு, வெப்பமோ நான்கு மடங்கு. 72,000 ஜூல்! அதுவும் சில வினாடிகளில், உராயும் மேற்பரப்பில் மட்டும். ஆறுவதற்குள் அடுத்த சிக்னல் வந்துவிடும்.

பீடோர் பக்கம் செம்பனைக் குலை ஏற்றிக்கொண்டிருந்த என் அப்பாவுக்கு இந்தப் பழக்கம் இருந்தது. முதல் கியர் மெதுவாகப் போகிறது என்று மேல் கியரிலேயே எடுப்பார். கிளட்சைக் கழற்றிப் பார்த்தபோது ஃபிளைவீலின் முகத்தில் நீலநீலமாகத் திட்டுகள் தெரிந்தன. இரும்பு சுமார் 300 பாகை செல்சியஸ் வரை சூடானால் அப்படி நிறம் மாறும். மெல்லிய வெடிப்புக் கோடுகளும் இருந்தன. அந்த முகத்தைக் கடைசல் பட்டறையில் சமப்படுத்தாமல் புதிய பிளேட் போட்டால் அது அதிரும், சீக்கிரமே தேயும்.

நான் அப்போது இரண்டாம் படிவம். டார்ச் பிடிப்பது என் வேலை. அப்பாவும் மாமாவும் வீட்டு முற்றத்திலேயே வேலையைத் தொடங்கினார்கள். முற்றம் பார்வைக்குச் சமதளம்தான், ஆனால் மழைநீர் சாக்கடைக்கு ஓடுவதற்காக இலேசான சரிவு விட்டிருந்தார்கள். அப்பா ஹேண்ட்பிரேக்கை இழுத்து, கியரும் போட்டுவிட்டுத்தான் அடியில் போனார். சக்கரத்துக்கு ஒரு செங்கல் மட்டும் வைத்திருந்தார்.

கியர்பாக்சை இறக்க வேண்டுமென்றால் முதலில் பின்சக்கரங்களுக்குப் போகும் புரொப்பெல்லர் ஷாஃப்டைக் கழற்ற வேண்டும். அதன் கடைசி போல்ட் வெளியே வந்ததும் லோரி நகர்ந்தது. செங்கல் நொறுங்கியது. மாமா எங்கிருந்தோ ஒரு மரக்கட்டையை உருட்டிவிட்டதால் ஒரு சாண் தூரத்தோடு நின்றது. அப்பா வெளியே வந்து நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை.

காரணம் எளிது. அந்த லோரியில் ஹேண்ட்பிரேக் சக்கரத்தில் இல்லை, கியர்பாக்சின் பின்னால் இருந்தது. இப்படிப்பட்ட லோரிகள் இன்றும் ஓடுகின்றன. அவற்றில் பிரேக்கும் சரி, போட்டு வைத்த கியரும் சரி, புரொப்பெல்லர் ஷாஃப்ட் வழியாகத்தான் சக்கரத்தைப் பிடித்து வைக்கும். ஷாஃப்டைக் கழற்றிய கணமே சக்கரம் அநாதை. 6,000 கிலோகிராம் உள்ள காலி லோரியை, நூறு மீட்டருக்கு இரண்டு மீட்டர் இறங்கும் சரிவு சுமார் 1,200 நியூட்டன் விசையோடு இழுக்கும். உருளும் சக்கரத்தின் எதிர்ப்பு அதைவிடக் குறைவு.

ஆகவே என் மாணவருக்கு முதலில் சொன்னது இதுதான்: சிமெண்டுச் சமதளம், சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் சரியான கட்டைகள், தூக்கிய இடத்தில் ஜேக்கை நம்பாமல் அதற்கான இரும்புத் தாங்கிகள், பேட்டரி இணைப்பைக் கழற்றுவது. இவை இல்லையென்றால் பட்டறைக் கூலி மலிவுதான்.

மற்ற வேலைகள் பொறுமையைத்தான் கேட்கும். கியர் இணைப்புகள், வயர்கள், கிளட்ச் சிலிண்டர் எல்லாவற்றையும் கழற்றி, எது எங்கிருந்து வந்தது என்று குறித்து வைக்க வேண்டும். சில வண்டிகளில் இன்ஜினின் பின்பகுதி கியர்பாக்சை நம்பியே நிற்கும். அதற்கும் முட்டுக் கொடுக்க வேண்டும். பிரஷர் பிளேட்டின் போல்ட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும். உள்ளே இருப்பது அழுத்தப்பட்ட ஸ்பிரிங். உள்ளே படிந்த தூசியைக் காற்றடித்து ஊதவே கூடாது. பழைய வண்டிகளின் பிளேட்டில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம். ஈரத்துணியால் துடைப்பதே சரி, முகக்கவசமும் வேண்டும்.

இனி அந்த இரண்டாவது முறைக்கு வருவோம். புதிய பிளேட்டை நடுமையம் பார்த்துப் பூட்டியாயிற்று. கியர்பாக்சைத் தூக்கி, அதன் முன் தண்டைப் பிளேட்டின் துளைக்குள் நுழைத்தார்கள். தண்டு உள்ளே போனதும் சோற்றுக்கு நேரமாகிவிட்டது என்று ஜேக்கைச் சற்று இறக்கிவிட்டார்கள். அரை மணி நேரம்தான். திரும்பி வந்து போல்ட் போட்டு முடித்தார்கள். ஆனால் மிதியை எவ்வளவு மிதித்தாலும் கியர் விழவில்லை, கறகறவென்று சத்தம்தான்.

கியர்பாக்ஸ் 150 கிலோகிராம் என்றால் எடை சுமார் 1,500 நியூட்டன். அதன் ஈர்ப்பு மையம் பிளேட்டிலிருந்து அரை மீட்டர் பின்னால் இருந்தால் திருப்புத்திறன் 750 நியூட்டன் மீட்டர். சோறு சாப்பிடும் நேரம் முழுக்க அதைத் தாங்கியது அந்த மெல்லிய பிளேட்டின் நடுப்பகுதி. அது கண்ணுக்குத் தெரியாத அளவு வளைந்துவிட்டது. வளைந்த பிளேட், மிதியை மிதித்தாலும் ஃபிளைவீலை ஓரிடத்தில் உரசிக்கொண்டே இருக்கும். விடுபடாது.

புதிய பிளேட்டின் காசு போயிற்று, மறுபடியும் எல்லாவற்றையும் கழற்றினார்கள். இந்த முறை மாமா, தலையை அறுத்த இரண்டு நீண்ட போல்ட்டுகளை இன்ஜினின் பின்புறத்தில் எதிரெதிராகத் திருகி வைத்தார். கியர்பாக்சின் துளைகள் அவற்றின்மேல் வழுக்கி நேராக உள்ளே போயின. ஜேக்கும் கடைசி போல்ட் இறுகும்வரை அடியிலேயே நின்றது. அன்று மதியச் சோற்றை அம்மா நான்கு மணிக்குத்தான் போட்டார்.

செய்து பாருங்கள்: டிரெய்லர் இழுக்கும் சில லோரிகளில் இரண்டு கிளட்ச் பிளேட்டுகள் இருக்கும், அதாவது உராயும் முகங்கள் நான்கு. மேலே தந்த குணகம், விசை, ஆரம் மாறாமல் இருந்தால் கிளட்ச் தாங்கும் முறுக்குவிசை எவ்வளவு? எண்ணெய் படிந்து குணகம் 0.1 ஆனால், 700 நியூட்டன் மீட்டர் தரும் இன்ஜினை அது தாங்குமா?