புத்திக் குறைவால் வந்த கடனா?

தோட்டத்துச் சனத்துக்கு நாளைக்கென்று எடுத்து வைக்கத் தெரியாது. பத்தாம் திகதி சம்பளம் வாங்கினால் பதினைந்துக்குள் கை காலி. பிறகு கடையில் பற்று, அடகுக்கடையில் தோடு. இலங்கையில் எட்டியாந்தோட்டையிலிருந்து இறக்குவானை வரை டவுன் கடைகளிலும் அலுவலகங்களிலும் இந்தப் பேச்சைக் கேட்கலாம். லயத்தில் பிறந்து, படித்து, உத்தியோகத்துக்குப் போனவர்களில் சிலரும் இதையே சொல்கிறார்கள். அவர்கள் கண்ணால் பார்த்தது பொய்யல்ல. நகை அடகுக்குப் போகிறது, வட்டி ஏறுகிறது, மீட்க முடியாமல் முழுகியும் போகிறது. ஆனால் அதற்குச் சொல்லும் காரணம் தவறு. புத்தி குறைவாக இருப்பதால் காசு நிற்கவில்லை என்கிறார்கள். காசு இல்லாததுதான் புத்தியைக் கட்டிப்போடுகிறது என்பதற்குச் சான்று இருக்கிறது. அந்தச் சான்று தமிழ் விவசாயிகளிடமிருந்தே கிடைத்தது.

ஆனந்தி மணி, தமிழ்நாட்டில் பிறந்த செந்தில் முல்லைநாதன், அறிதிறன் உளவியலாளர் எல்டார் ஷஃபீர், ஜியாயிங் ஸாவ் ஆகிய நால்வரும் 2013இல் ‘சயன்ஸ்’ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். விழுப்புரம், திருவண்ணாமலைப் பகுதியில் 54 கிராமங்களைச் சேர்ந்த 464 கரும்பு விவசாயிகளை அறுவடைக்கு முன்னும் பின்னும் சந்தித்தார்கள். கரும்புக்காரருக்குப் பெரும்பணம் வருடத்தில் ஒரு தடவைதான் வரும். அறுவடைக்கு முன்பு 78 வீதமானோர் எதையாவது அடகு வைத்திருந்தார்கள். பின்பு 4 வீதம். விடுபட்ட துண்டைக் கண்டுபிடிக்கும் உருவப் புதிர்களில் முன்பு சராசரியாக 4.35 சரியான விடைகள், பின்பு 5.45. கவனத்தைச் சோதிக்கும் இன்னொரு பரீட்சையிலும் பின்பு வேகம் கூடியது, பிழை குறைந்தது. அதே ஆள், அதே படிப்பு, அதே குணம். இடையில் மாறியது மடியில் இருந்த காசு மட்டுமே. பிறவிப் புத்திதான் காரணமென்றால் சில மாத இடைவெளியில் அது எப்படி ஏறும்?

சந்தேகங்கள் எழுவது நியாயம். இரண்டாம் தடவை எழுதும்போது பழக்கத்தால் கூடுதல் புள்ளி வந்திருக்கலாமே? அதற்காகவே நூறு விவசாயிகளை முன்பு சோதிக்காமல் ஒதுக்கி வைத்து, அறுவடைக்குப் பின் முதல் தடவையாகச் சோதித்தார்கள்; அவர்களும் நன்றாகவே செய்தார்கள். பருவகால வெயிலோ வேலைக் களைப்போ காரணமாக இருக்கலாமே? ஆலை எல்லாருடைய கரும்பையும் ஒரே நேரத்தில் அரைக்க முடியாததால் வெட்டு முறை மாதக்கணக்கில் பிரிந்திருந்தது. ஒரே வாரத்தில் ஒருவர் காசோடும் அடுத்தவர் காசில்லாமலும் இருந்தார்கள். இவற்றைவிடக் கனமான மறுப்பு அமெரிக்காவிலிருந்து வந்தது. கார்வாலோ, மையர், வாங் என்ற மூவர் 2016இல் சம்பள நாளுக்கு முன்னும் பின்னும் குறைந்த வருமானக்காரரைச் சோதித்தபோது அறிதிறனில் வேறுபாடு காணவில்லை. ஆகவே காசுத் தட்டுப்பாடு எங்கும் எப்போதும் ஒரே அளவில் மனத்தை முடக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு வாரத் தட்டுப்பாடும், வட்டிக்காரர் வாசலில் நிற்கும் பல மாதத் தட்டுப்பாடும் ஒன்றல்ல என்பதே அந்த முடிவிலிருந்து நான் எடுத்துக்கொள்வது. தோட்டத்து வாழ்க்கை இரண்டாவது வகையைச் சேர்ந்தது.

நமக்கு இன்னும் நெருக்கமான சான்று ஒடிசாவில் இருக்கிறது. செய்யும் எண்ணிக்கைக்கு ஏற்பக் கூலி வாங்கி, இலைத்தட்டுத் தைத்த தொழிலாளர்களில் சிலருக்குக் கூலியின் ஒரு பகுதியை முன்கூட்டியே கொடுத்துப் பார்த்தார்கள் முல்லைநாதனும் சுப்ரீத் கௌர் முதலானோரும். கூலி வீதம் கூடவில்லை, கொடுக்கும் நாள்தான் மாறியது. வாங்கியவர்கள் உடனே கடனை அடைத்தார்கள், வீட்டுக்குச் சாமான் வாங்கினார்கள். அதன்பின் அவர்கள் செய்த தட்டுகள் 7 வீதம் கூடின, கவனப் பிழைகள் குறைந்தன. அதிகம் ஏழையாக இருந்தவர்களிடமே இந்த மாற்றம் அதிகம். கிலோக் கணக்கில் கொழுந்து எடுப்பவருக்கும் பால் வெட்டுபவருக்கும் இது அந்நியக் கதையல்ல. றப்பர் மரம் நனைந்தால் வெட்டு இல்லை. தொடர்ந்து மழை பெய்தால் பேர், அதாவது கூலிக்குப் பதியப்படும் நாள் எண்ணிக்கை, குறையும். பேர் குறைந்தால் பத்தாம் திகதி கைக்கு வருவதும் குறையும். அந்த வாரங்களில் மனம் எதை எண்ணிக்கொண்டிருக்கும்?

கணக்குத் தெரியாது என்பதும் தவறு. கொழுந்து நிறுக்கும்போது சாக்குக்கும் ஈரத்துக்கும் எத்தனை கிலோ கழித்தார்கள், மாதத்தில் அரைப்பேர் எத்தனை, கடைக்காரர் கொப்பியில் மா எந்த விலைக்கு ஏறியிருக்கிறது என்று கொழுந்தெடுக்கும் ஒரு பெண்ணிடம் கேட்டுப் பாருங்கள். அந்தக் கூர்மை முழுவதும் இன்றைய செலவைச் சமாளிப்பதில் தீர்ந்துபோகிறது. பிள்ளையின் பாடசாலைப் படிவம், கிளினிக் திகதி, அடகு ரசீதின் தவணை போன்றவற்றுக்கு மிச்சம் இருப்பது கொஞ்சம். குடிக்குப் போகும் காசு இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, அதனால் சீரழிந்த வீடுகளும் உண்டு. ஆனால் குடி வசதியான வீட்டிலும் இருக்கிறது. அங்கே ஒரு தப்பைத் தாங்கச் சேமிப்பு இருக்கிறது, லயத்தில் அது இல்லை.

அந்தச் சேமிப்பு ஏன் இல்லை என்பதற்குச் சரித்திரமும் பதில் சொல்லும். கடன் இங்கே தற்செயலாக வந்ததல்ல. கங்காணியின் முற்பணக் கடனோடு ஆட்களைத் தோட்டம் விட்டுத் தோட்டம் மாற்றிய துண்டு முறை, 1921இல் சட்டம் தடுக்கும்வரை, கடனையே ஆட்சேர்ப்பின் அச்சாணியாக வைத்திருந்தது. இன்று அந்தத் துண்டு இல்லை. ஆனாலும் தீபாவளி முற்பணத்தைக் கொடுத்துவிட்டு அடுத்தடுத்த மாதங்களில் கழிக்கும்போது, கழிவு ஜனவரியில் வந்து விழுகிறது. சப்பாத்தும் கொப்பியும் வாங்கும் மாதமும் அதுதான்.

சிக்கனம் கற்பிக்கும் வகுப்புகள் தோட்டங்களில் நடக்கின்றன. அவற்றை நிறுத்தச் சொல்லவில்லை. அவற்றை மாதக் கடைசியில் வைக்காமல் சம்பளத்தை ஒட்டிய நாட்களில் வையுங்கள். படிவங்களின் கடைசித் திகதியையும் அப்படியே அமையுங்கள். ஜனவரிக் கழிவைப் பெப்ரவரிக்குத் தள்ளுங்கள். எதற்கும் பெரிய பணம் வேண்டாம். பலாங்கொடைக்கு அப்பால் பெலிஹுல்ஓயாவில் சப்ரகமுவப் பல்கலைக்கழகம் இருக்கிறது. தோட்டத்திலிருந்து அங்கே போகும் மாணவர் ஒருவர், வெட்டு நடக்கும் மாதத்திலும் மழை மாதத்திலும் பால்வெட்டுத் தொழிலாளரிடம் விழுப்புரத்துச் சோதனையைச் செய்து பார்க்கலாம். கேள்விகளை அவர்களுடைய பேச்சிலேயே கேட்க அவருக்குத் தெரியும்.